எத்தனை லிட்டர் என்று கேட்காதீர்கள்

'பை வைத்தியம்' பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி சைக்கிள்காரர்களுடையது. கூரியர் வேலை பார்ப்பவர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், அலுவலகத்துக்கு மிதித்தே போவது என்று முடிவெடுத்தவர்கள் என எல்லாருக்கும் கண் ஒன்றின்மேல்தான்: தோளுக்குக் குறுக்கே மாட்டும் மெசஞ்சர் பை. பை தைப்பதும் பிரித்துத் தைப்பதுமாகப் பொழுதைக் கழிக்கும் வைத்தியர் சிலருக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கிறார். ஒருவர் மட்டும் அவருடைய பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டார்.

கேள்வி: பாரிமுனையில் ஒரு கூரியர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வக்கீல் அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் சைக்கிளில் தபால் கொண்டுபோக வேண்டும். 20 லிட்டர் பை வாங்கலாமா, 30 லிட்டரா?
*வாசகர், ராயபுரம்*

பதில்: லிட்டர் கணக்கு தண்ணீர்க் கேனுக்குச் சரி, தம்பி. நீங்கள் கொண்டுபோவது காகிதம். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். வக்கீல் அலுவலகங்களில் புழங்கும் லீகல் சைஸ் தாள் 14 அங்குலம், அதாவது 35.6 செ.மீ. அதை உறையில் போட்டால் இன்னும் இரண்டு விரற்கடை கூடும். ஆக, பையின் உள்ளகலம் 40 செ.மீ. இருந்தால்தான் தாள் மடியாமல் போகும். கடைக்குப் போகும்போது கையில் ஒரு பெரிய உறையை எடுத்துக்கொண்டு போங்கள். அது படுத்துக் கிடந்தால் பை சரி. மூலை மடங்கினால், எத்தனை லிட்டர் என்று எழுதியிருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, ஒரு நாளில் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இந்தப் பை பிறந்ததே அந்தக் கணக்கில்தான். 1970, 80-களில் நியூயார்க்கில் சைக்கிள் தூதர்கள் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கு டி மார்ட்டினி குளோப் கேன்வாஸ் என்ற சின்னத் தையல் நிறுவனம் கெட்டிக் கித்தானில் பை தைத்துக் கொடுத்தது. ஒரே வார், ஒரே பெரிய அறை, மேலே ஒரு மூடி. வாரைத் தளர்த்தி ஓர் இழு இழுத்தால் முதுகிலிருக்கும் பை நெஞ்சுக்கு வரும். உறையை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பின்னால் தள்ளிவிட்டால் போதும், பையைக் கழற்றவே வேண்டாம். 1989-இல் சான்பிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற சைக்கிள் தூதர் தன் தையல் மெஷினில் தொடங்கிய டிம்பக்டூவும் இதே வடிவத்தில் வளர்ந்ததுதான்.

ஒரு நாளில் முப்பது வாசல் ஏறுபவருக்கு அந்த ஒற்றை வார் வரம். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று போகிறவருக்கு அது தோளுக்குத் தண்டனை. நீங்கள் முதல் வகை. தைரியமாக வாங்குங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலகம் 12 கி.மீ. ஒரு லேப்டாப், ஒரு சாப்பாட்டு டப்பா, அவ்வளவுதான். எந்த மெசஞ்சர் பை நல்லது?
*வாசகர், அண்ணா நகர்*

பதில்: எதுவும் வேண்டாம். முந்தைய பதிலின் கடைசிப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். உங்களுக்கு இரண்டு வார் உள்ள முதுகுப்பை, அதைவிட நல்லது கேரியரின் பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டும் பை. டப்பாவில் ரசம் இருந்தால் கேரியர்தான்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்த பை. போன ஐப்பசி மழையில் உள்ளே இருந்த செக் புத்தகம் ஊறிப்போய்விட்டது. கடைக்காரர் துணி நல்ல துணி என்று சத்தியம் செய்கிறார்.
*வாசகர், வேளச்சேரி*

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. துணி தண்ணீர் விடாத துணியாகவே இருக்கும். ஆனால் பை துணி மட்டுமில்லையே. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை, ஜிப்பின் பல்லுக்குப் பல் இடைவெளி. ஒரு சாரலுக்கு அது தாங்கும். ஒரு மணி நேர அடைமழையில் தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்துவரும்.

மழைக்குத் தைத்த பையை அடையாளம் காண வழி ஒன்று உண்டு. பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். உள்ளே தார்ப்பாய்த் துணியில் ஒரு தனி உறை இருக்க வேண்டும். அது மேல்விளிம்பில் மட்டும் வெளித்துணியோடு தைக்கப்பட்டு, அடியில் ஒட்டாமல் தனியாகத் தொங்க வேண்டும். வெளித்தையல் வழியே தண்ணீர் வந்தாலும் அந்த உறைக்கு வெளியிலேயே நின்றுவிடும். உள்ளுறையையும் வெளித்துணியையும் சேர்த்து ஒரே தையலாக ஓட்டியிருந்தால் அதற்கு மழைப்பை என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை.

தையலே இல்லாமல் வெப்பத்தில் ஒட்டும் முறையும் உண்டு. ஜெர்மனிக்காரர் ஹார்ட்முட் ஓர்ட்லீப் இங்கிலாந்தில் சைக்கிள் பயணத்தில் மழையில் நனைந்தபோது, பக்கத்தில் போன லாரிகளின் சரக்கு தார்ப்பாய்க்குள் காய்ந்தே இருந்ததைக் கவனித்தார். 1982-இல் அதே வகைத் துணியில் பை செய்யத் தொடங்கினார். இன்றைக்கு அவர் பெயரில் வரும் பைகளின் விளிம்புகள் ஒட்டப்பட்டவை. வாயை நாலு சுருட்டுச் சுருட்டி மூடுவார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும், தண்ணீர் வராது.

இரண்டு விஷயத்தை யாரும் கேட்பதில்லை. உங்கள் சைக்கிளில் பின்சக்கர மட்கார்டு இருக்கிறதா? அது இல்லாத ஒல்லி டயர் சைக்கிள், ரோட்டுத் தண்ணீரைக் கீழேயிருந்து வாரி நேராகப் பையின் அடியில் அடிக்கும். இன்னொன்று, சித்திரை வெயிலில் முதுகு வியர்வை. மழையே இல்லாமல் நனைந்த உறைகள் நிறைய உண்டு. முக்கியமான காகிதத்தைப் பாலிதீன் உறையில் போட்டே வையுங்கள். பை எதுவானாலும் சரி.

கேள்வி: இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பையின் உட்புறம் தோல் உரிகிற மாதிரி உரிந்து, எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. ஏதாவது பூசினால் நிற்குமா?
*வாசகி, நாகர்கோவில்*

பதில்: நிற்காது. துணியின் உட்புறம் பூசியிருப்பது பாலியூரித்தேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். பள்ளிக்கூட வேதியியலில் நீராற்பகுப்பு என்று படித்ததுதான். அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒரு நாள் ரஸ்க் மாதிரி உதிர்கிறதே, அதே நோய். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை, கவலை வேண்டாம். மழையில் நனைந்த பையை மடித்துப் பரணில் போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் குற்றம் உண்டு. உரிந்ததைக் கடினமான பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வெறும் துணிப்பையாக அது இன்னும் பல வருடம் உழைக்கும். அடுத்த பை வாங்கும்போது உள்ளுறை தார்ப்பாயாக இருக்கட்டும்.

கேள்வி: 1680 டெனியர் துணி 1000 டெனியரைவிட மேலானதா?
*வாசகர், ஈரோடு*

பதில்: நெசவுக்குப் பேர்போன ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வியா! 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டெனியர். 1680 என்றால் நூல் தடிமன், அவ்வளவே. அது நைலானா பாலியஸ்டரா, நெருக்கமாக நெய்ததா, பூச்சு எத்தனை என்பதை அந்த எண் சொல்லாது. உரசலுக்கு நைலான் தாங்கும், வெயிலுக்குப் பாலியஸ்டர் தாங்கும். 'கார்டுரா' என்பது தனி நூல் வகை இல்லை, டூபாண்ட் நிறுவனம் 1929-இல் பதிவு செய்த வணிகப் பெயர். நல்ல துணிதான். ஆனால் வைத்தியரின் மேசைக்குத் துணி கிழிந்து வரும் பைகள் மிகக் குறைவு. வார் பையோடு சேரும் மூட்டில் தையல் விட்டுத்தான் பெரும்பாலானவை வருகின்றன. அந்த இடத்தில் சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். டெனியரை அப்புறம் விசாரிக்கலாம்.

கேள்வி: மாலையில் இடது தோளும் கழுத்தும் விண்விண் என்று வலிக்கின்றன. பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வளைவில் திரும்பும்போது பை முன்னால் வந்து முழங்காலில் இடிக்கிறது. இன்னும் தடிமனான தோள் பஞ்சு வைத்துத் தைக்கலாமா?
*வாசகர், மதுரை*

பதில்: முதலில் ஒரு கேள்வி. பை வாங்கும்போது அதன் கீழ்மூலையிலிருந்து மெல்லிய பட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததே, அது எங்கே?

பதில் தெரிந்த கதைதான். வெட்டிப் போட்டிருப்பீர்கள். புதுப்பையோடு வருகிறவர்கள் வைத்தியரிடம் முதலில் கேட்பதே, "இந்த எக்ஸ்ட்ரா பட்டை சும்மா தொங்குது, எடுத்துடுங்க" என்பதுதான். அது எக்ஸ்ட்ரா இல்லை ஐயா. குறுக்கு வார் பையைத் தோளில் தொங்கவிடுகிறது. அந்தச் சின்னப் பட்டை அக்குளுக்குக் கீழே வந்து பெரிய வாரோடு சேர்ந்து பையை முதுகில் கட்டுகிறது. தொங்குவதும் கட்டுவதும் ஒன்றில்லை. லாரியில் சரக்கை ஏற்றிவிட்டுக் கயிறு போடாமல் ஓட்டுவாரா யாராவது? பின்னால் பேருந்து வருகிறதா என்று நீங்கள் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில்தான், கட்டப்படாத பை நழுவி முன்னால் வரும். அதைப் பிடிக்க ஒரு கை போகும். ஹாண்டில்பாரில் மிச்சம் ஒரே கை. மாட்டுத்தாவணிப் பக்கம் மாலை நேரத்தில் இது விளையாட்டில்லை.

அடுத்தது, தொங்கவிடுவது. கல்லூரிப் பிள்ளைகள் பையை முட்டிவரை தொங்கவிட்டு நடப்பது அழகாக இருக்கலாம். சைக்கிளில் குனிந்ததும் அந்தப் பை பக்கவாட்டில் வழிந்துவிடும், மொத்த எடையும் கழுத்தோரத்து ஒரு கோட்டில் இறங்கும். வாரை இழுத்துச் சுருக்குங்கள். பை தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, முதுகின் நடுவில், குழந்தையைத் தூளியில் கட்டிக்கொண்ட மாதிரி ஒட்டி உட்கார வேண்டும். அப்போது பாதி எடையை முதுகே வாங்கிக்கொள்ளும். இறங்கியதும் தளர்த்துங்கள், ஏறியதும் இறுக்குங்கள். நாளில் முப்பது தடவை செய்ய வேண்டிய வேலை என்பதால்தான், ஒரு கையால் இழுத்து நெம்பும் பக்கிள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கச் சொல்வது.

உள்ளே அடுக்குவதிலும் ஒழுங்கு உண்டு. கனமானது முதுகை ஒட்டி, லேசானது வெளிப்பக்கம். இரும்புப் பூட்டைப் பைக்குள் போடவே போடாதீர்கள். முதலாவது அது அநாவசியக் கனம். இரண்டாவது, மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அந்த இரும்பு இருக்கும். பூட்டின் இடம் சைக்கிள் ஃபிரேம். புத்தகக் கட்டு, ஏ4 பேப்பர் பண்டல் போன்றவற்றின் இடம் கேரியர். வழியில் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் வெளியே எடுக்க வேண்டிய பொருளுக்கு மட்டுமே தோளில் இடம். ஒரே இடத்தில் இறக்கும் சுமையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது ஏன்?

இதையெல்லாம் செய்த பிறகும் வலித்தால் பஞ்சு வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்தால் வலி போகாது, வியர்வைதான் கூடும். வெட்டிய பட்டையைத் திரும்பத் தைக்க அரை மணி நேரம் போதும். ஒரு மாதம் கழித்தும் வலி விடவில்லை என்றால், பை வைத்தியரிடம் இல்லை, நிஜ வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: கூரியர் வேலை பார்க்கும் பெண் நான். எல்லாப் பையிலும் வார் நெஞ்சின் குறுக்கே தப்பான இடத்தில் அழுத்துகிறது. எனக்கு வலது தோள்தான் பழக்கம். பக்கிளோ எப்போதும் முதுகுப் பக்கம் போய்விடுகிறது.
*வாசகி, கோயம்புத்தூர்*

பதில்: தப்பு உங்களிடம் இல்லை. இந்தப் பைகளில் பல ஒரு தோளுக்கென்று தைக்கப்படுபவை. வாரின் பஞ்சு வைத்த அகலப் பகுதி தோளிலும், பக்கிள் நெஞ்சுப் பக்கம் கைக்கெட்டும் இடத்திலும் வரவேண்டும். இடது தோள் பையை வலது தோளில் போட்டால் எல்லாம் தலைகீழ். வாங்கும்போதே எந்தத் தோளுக்கு என்று கேளுங்கள். 'இரண்டுக்கும் போடலாம்' என்று கடைக்காரர் சொன்னால், மாட்டி, குனிந்து, ஒரு கையால் இறுக்கிப் பாருங்கள்.

அகல வாரைவிட ஒன்றரை அங்குல வார் பெண்கள் பலருக்கு வசதி. அது நெஞ்சின் நடுவே படியும். துணைப் பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினால் வாரும் கூடவே நகரும். அப்படியும் அழுத்தினால் அந்தப் பை உங்களுக்கில்லை. பெரும்பாலான பைகளுக்கு அளவு பார்த்தது ஆண் உடம்பில்தான். அதைச் சொல்வதில் தயக்கம் என்ன?

கேள்வி: கார் சீட் பெல்ட் பக்கிள் வைத்த பை பார்த்தேன். அசத்தலாக இருக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், திருச்சி*

பதில்: அசத்துவதற்கென்றால் வாங்கலாம். 1995-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் தொடங்கிய குரோம் நிறுவனத்தால் பிரபலமானது அந்தப் பக்கிள். ஓர் அழுத்தில் பை கழன்று விழும். ஆனால் கூரியர்காரர் பையைக் கழற்றுவதே இல்லை, தளர்த்துவதும் இறுக்குவதும்தான் அவர் வேலை. கடற்கரை ஊரென்றால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருவும், எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். பிளாஸ்டிக் பக்கிள் மட்டமில்லை. உடைந்தால் தையலைப் பிரிக்காமல் மாற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: வெல்க்ரோ பிடிப்பதே இல்லை.
*வாசகர், கும்பகோணம்*

பதில்: பேன் சீப்பு எடுத்துக் கொக்கிப் பக்கத்தை வாருங்கள். உள்ளே ஒரு வருடத்து நூல், முடி, பஞ்சு எல்லாம் கிடக்கும். ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்விதைகளைப் பார்த்து உண்டாக்கியது வெல்க்ரோ. நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டுகிற அதே வித்தை. கொக்கி அடைபட்டால் நாயுருவியும் ஒட்டாது. கோர்ட் ஹாலில் தபால் கொடுப்பவர் என்றால் வெல்க்ரோ வேண்டாம். 'பர்ர்ர்' என்று கிழிக்கும் சத்தத்துக்கு எல்லாத் தலையும் திரும்பும்.

கேள்வி: சைக்கிளில் உணவு டெலிவரி செய்கிறேன். முதுகில் மாட்டும் சதுரப் பெட்டிப் பைக்குப் பதில் மெசஞ்சர் பை சரிவருமா?
*வாசகர், தாம்பரம்*

பதில்: வராது. நீங்கள் குனிந்து மிதிக்கும்போது சாம்பார் நிமிர்ந்து உட்காராது. சதுரப் பெட்டியும் முதுகில் வேண்டாம். உயரத்தில் கனம், அகலத்தில் காற்று. மேம்பாலத்தில் ஏறும்போது தெரியும். பெட்டியைக் கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். கயிறு தளரும், ட்யூப் தளராது. மும்பை டப்பாவாலாக்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் சோறு சுமக்கிறார்கள். அவர்களுடைய சைக்கிளைப் பாருங்கள், டப்பாக்கள் கேரியரிலும் ஹாண்டில்பாரிலும் தொங்கும். முதுகு காலி.

கேள்வி: பையை வாஷிங் மெஷினில் போடலாமா?
*வாசகி, சேலம்*

பதில்: கூடாது.

கேள்வி: இரவில் தெரிய, பையில் சிவப்பு விளக்கு மாட்டியிருக்கிறேன். போதுமா?
*வாசகர், புதுச்சேரி*

பதில்: நீங்கள் குனிந்ததும் அந்த விளக்கு வானத்துக்குச் சிக்னல் கொடுக்கும். கேரியரின் பின்னால் ஒன்று மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் மாட்டினால் பையின் மூடி தொங்கி மறைத்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டுப் பைகள் விலை கட்டுப்படியாகவில்லை. உள்ளூரில் தைத்துக்கொள்ள முடியுமா?
*வாசகர், நாமக்கல்*

பதில்: நாமக்கல்லில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! 1993-இல் சூரிச்சில் மார்க்கஸ், டேனியல் ஃப்ரைடாக் என்ற சகோதரர்கள், தங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பாலத்தில் ஓடும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியின் பழைய தார்ப்பாயில் பை, சீட் பெல்ட்டில் வார், சைக்கிள் ட்யூபில் விளிம்பு என்று தைத்தார்கள். அந்தப் பை இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர்களுக்கு ஜன்னல் வழியே தெரிந்த லாரி உங்களுக்குத் தெருவெல்லாம் நிற்கிறது.

பிளவுஸ் தைக்கும் மெஷினில் இது ஓடாது. கார் சீட் கவர் தைக்கும் கடைக்குப் போங்கள். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகலாம், மற்ற ஊர்களிலும் தேடினால் கிடைப்பார்கள். துணி: பி.வி.சி. தார்ப்பாய். பழையது என்றால் கிரீஸ் போக இரண்டு தடவை கழுவியது. வார்: பழைய கார் சீட் பெல்ட், சுமார் இரண்டு அங்குல அகலம். வழவழப்பான மலிவு நாடா வேண்டாம், பக்கிளில் வழுக்கும், வெயிலில் நொறுங்கும். நூல்: நைலான் அல்லது பாலியஸ்டர், பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும். வாரின் முனை பைக்குள் நான்கு விரல் நீளம் இறங்கிய பிறகு, முன்னே சொன்ன பெருக்கல் குறித் தையல். மூடியின் இரண்டு ஓரத்திலும் பக்கவாட்டை மறைக்கும் காது. துணைப் பட்டை கட்டாயம். அது வேண்டாமென்று சொன்னால், தையற்காரர் மெஷினை நிறுத்திவிடலாம்.

வாசகர்களுக்கு: அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் பையின் நிறம், பிராண்டு, லிட்டர் எதையும் எழுத வேண்டாம். ஒரு நாளில் எத்தனை இடத்தில் இறங்குகிறீர்கள், கொண்டுபோகும் பெரிய பொருளின் நீளம் அகலம் என்ன, எந்தத் தோளில் மாட்டுகிறீர்கள் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் வந்த பதினோரு கடிதங்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன.